மாஸ்டர் வைத்த தாழி

சென்னையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மா உணவகம் இருக்கிறது. காலை நடை முடித்து அந்த வழியாகத் திரும்பினால், அண்டாவில் சாம்பார் கொதிக்கும் மணம் தெருமுனையிலேயே பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சாம்பாருக்கு அந்த மணம் வராது. நூறு பேருக்குக் கொதிக்கும் பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் தனி வாசனை உண்டு. விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு நாள் வரிசையில் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் நடுவே ஒரு கல்லூரிப் பையன் நின்றிருந்தான். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. கவுன்ட்டரை நெருங்கியதும் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒரு ரூபாய் இட்லியில் ஐந்து வாங்கி, நின்றபடியே அவசரமாகச் சாப்பிட்டு, கைகழுவினான். வெளியே வந்ததும் அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. ஆனால் அட்டையைக் கழற்றிய அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. எங்கள் காலத்தில் யார் கழுத்திலும் அட்டை தொங்கவில்லை. பசியை மறைக்க வேறு வழிகள் இருந்தன.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் படித்தேன். விடுதி வாசம். என் வகுப்பில் கொரடாச்சேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு நண்பன் பாசஞ்சர் ரயிலில் வந்து போவான். விடியுமுன் எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்து, நீராவி எஞ்சின் கரி சட்டைக் காலரில் படிய, எங்களுக்கு முன்னால் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அப்பா, அம்மா இருவரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். மதிய மணி அடித்ததும் டிபன் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் மரத்தடிக்குப் போவார்கள், நாங்கள் விடுதிக்குப் போவோம், அவன் நூலகத்துக்குப் போவான். கேட்டால், “இல்லடா, காலைல ரொம்பச் சாப்ட்டுட்டேன், இன்னும் மந்தமா இருக்கு” என்பான். போகிற வழியில் குழாயடியில் நின்று, ஒரு கையால் குழாயைத் திறந்துகொண்டு மறு கையைக் குவித்து வெகுநேரம் தண்ணீர் குடிப்பான். நன்றாகப் படிக்கிறவன், அதனால்தான் நூலகம் என்று எல்லோரும் நம்பினோம். அவனும் அந்த நேரத்தில் நிஜமாகவே படித்தான்.

தஞ்சாவூர் நெற்களஞ்சியம் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. களஞ்சியத்துக்குள்ளேயே பசிக்கு ஒரு பஞ்சாங்கம் இருந்ததைப் புத்தகம் சொல்லவில்லை. சம்பா நடவு முடிந்துவிட்டால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வேலை குறைவு, மழை வேறு. தை அறுப்பு வரும்வரை கூலிக்காரர் வீட்டுப் பானை பாதிதான் நிறையும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காமல் தள்ளிப்போகும் வருஷங்களில் அந்தப் பாதியும் இல்லை. என் நண்பனின் ‘மந்தம்’ தீபாவளிக்குப் பிறகு அதிகமாகும், பொங்கலுக்குப் பிறகு குறையும். இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. எங்கள் மெஸ் மாஸ்டர்.

எங்கள் மெஸ் டிவைடிங் சிஸ்டத்தில் நடந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு இது புரியாமல் போகலாம், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளியாள் ஒருவரிடம் குத்தகைக்கு விட்ட மெஸ் இல்லை. மாதம் முழுக்க அரிசி, பருப்பு, விறகு, காய்கறி, மோர் என்று ஆன செலவைக் கூட்டி, எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கால் வகுத்தால் ஒரு நாள் செலவு வரும். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஊருக்குப் போன நாட்களைக் கழித்துக்கொண்டு மீதிக்குப் பணம் கட்ட வேண்டும். மாணவர்களிலேயே மெஸ் ரெப் உண்டு. விடிகாலையில் மாஸ்டரோடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போவது, மளிகைக் கடைச் சிட்டையைச் சரிபார்ப்பது, அரிசி மூட்டையை எடை போட்டு இறக்குவது எல்லாம் ரெப்பின் வேலை. நானும் ரெப்பாக இருந்தேன். எந்தக் காய் எந்த மாதம் மலிவு என்பதை மாஸ்டரிடம்தான் கற்றேன். “சீசன் காய்க்குத்தான் ருசி தம்பி. விலை ஏறின காயை வாங்கினா நாக்கும் ஏமாறும், பில்லும் ஏறும்” என்பார். பூசணி, பரங்கி, கீரைத்தண்டு, வாழைத்தண்டு, வாழைப்பூ. கேரட்டும் பீன்ஸும் விசேஷ நாட்களுக்கு மட்டும்.

குத்தகை மெஸ்ஸில் சோறு மிஞ்சினால் அது குத்தகைக்காரர் நஷ்டம். எங்கள் மெஸ்ஸில் மிஞ்சினால் எங்கள் எல்லோர் பில்லிலும் அது ஏறும். ஆகவே மிச்சத்தைப் பற்றி எல்லோருக்கும் அக்கறை இருந்தது. அப்படியும் மிஞ்சத்தான் செய்யும். சனிக்கிழமை இரவு பாதிப் பேர் சினிமாவுக்குப் போய்விடுவார்கள். பரோட்டாக் கடை வேறு இழுக்கும். முன்பெல்லாம் அந்தச் சோறு பன்றி வளர்ப்பவர் வைத்துவிட்டுப் போகும் டிரம்முக்குப் போயிற்று. மாஸ்டர் வந்த பிறகு ஒரு பெரிய மண் தாழி வாங்கிப் போட்டார். இரவு பந்தி முடிந்ததும், இலைக்கு வராத சோற்றை மட்டும் அதில் கொட்டித் தண்ணீர் ஊற்றி வெள்ளைத் துணியால் வேடு கட்டுவார். மிஞ்சிய குழம்பை இரும்புச் சட்டியில் சுண்ட வைப்பார். காலையில் அவரும் பரிமாறுகிறவர்களும் அதைத்தான் சாப்பிடுவார்கள். மோரும் உப்பும் போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம், நாரத்தங்காய் ஊறுகாய், சுண்டக் குழம்பு. இட்லி வெந்துகொண்டிருக்கும்போது சமையல்காரர்கள் பழையது சாப்பிடுவதைப் பார்த்து எங்களுக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகு எங்களில் சிலரும் இட்லியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தோம்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் நண்பன் ரெக்கார்டு நோட்டு வாங்க என் அறைக்கு வந்தான். மழையில் நனைந்திருந்தான். மெஸ் வாசலைத் தாண்டும்போது மாஸ்டர் பார்த்தார். சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கமான பதில் வந்திருக்கும். “தம்பி, இங்க வாங்க. எனக்குச் சளி, நாக்கு செத்துக் கிடக்கு. இதுல உப்பு சரியா இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று ஒரு கும்பாவை நீட்டினார். கும்பா நிறைய இருந்தது. நண்பன் என்னைப் பார்த்தான். நான் ரெக்கார்டு நோட்டைத் தேடுவதாகச் சொல்லி மேலே போய்விட்டேன். திரும்பி வரும்போது அவன் இரண்டாவது கும்பாவில் இருந்தான். “உப்பு சரியா இருக்குங்க மாஸ்டர்” என்றான். “அப்ப நாளைக்கும் வந்து பார்த்துச் சொல்லுங்க. நமக்கு நம்பிக்கையான நாக்கு ஒண்ணு வேணும்” என்றார் அவர்.

மறுநாளும் வந்தான். பிறகு ரயிலில் அவனோடு வருகிற இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பூதலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும் சேர்ந்தார்கள். விடுதிப் பிள்ளைகள் அதே தாழியிலிருந்து அதே கும்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் யார் எதற்காக வந்தான் என்று வெளியே தெரியாது. இது தற்செயலாக அமைந்தது என்று அப்போது நினைத்தேன். மாஸ்டர் எங்கள் சிலரைப் பிடித்து வேண்டுமென்றே அந்தப் பக்கம் உட்கார வைத்தார் என்பது பின்னால் யோசித்துப் பார்க்கையில்தான் தெரிந்தது.

மெஸ் கூட்டத்தில் கேள்வி வந்தது. டே ஸ்காலர்கள் சாப்பிடுகிற சோறு யார் பில்லில் ஏறுகிறது? கேட்டவன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டிலும் மெஸ் பில்லுக்கு மாட்டை விற்றிருந்தார்கள். மாஸ்டர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலோரம் நின்று பதில் சொன்னார். வடித்த சோறு எல்லாம் நேற்றே பில்லில் ஏறிவிட்டது. டிரம்முக்குப் போனாலும் அதே கணக்கு, தாழிக்குப் போனாலும் அதே கணக்கு. விடுதிப் பிள்ளைகளில் கொஞ்சம் பேர் காலையில் பழையது சாப்பிடுவதால் இட்லி மாவு குறைவாக அரைத்தால் போதும். மிச்சப்பட்ட அரிசியும் உளுந்தும் அந்தத் தம்பிகளுக்குப் போடுகிற மோருக்கும் வெங்காயத்துக்கும் ஈடாகிவிடும். நோட்டை விரித்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த மாத நாள் செலவு முந்தைய மாதத்தைவிடச் சற்று இறங்கியிருந்தது. கேள்வி கேட்டவனே, இன்னொரு தாழியும் வாங்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தான்.

தை அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் தாளடியில் உளுந்தும் பயறும் எடுக்கும் காலம் வந்தது. நண்பன் ஒரு நாள் மஞ்சள் பை நிறைய உளுந்து கொண்டுவந்து மாஸ்டரிடம் கொடுத்தான். அவன் அம்மா வயலில் பொறுக்கிச் சேர்த்தது. மாஸ்டர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையை வாங்கி, கையில் அள்ளி, வெளிச்சத்தில் பார்த்து, “புது உளுந்து, நல்லாப் பொங்கும்” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தியில் எல்லோருக்கும் மெதுவடை. நோட்டில் வரவுப் பக்கம் அந்த உளுந்தை அவன் பெயர் போட்டு எழுதச் சொன்னார். எழுதினேன்.

இதை ஊரில் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “நான் படிச்சதே அப்படித்தானடா” என்றார். அவர் ஒரத்தநாட்டில் இலவச விடுதியில் சாப்பிட்டுப் படித்தவர். அந்த விடுதிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர், பிரசவத்தில் இறந்துபோன தன் காதலி முத்தம்பாள் நினைவாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு சத்திரம் கட்டினார். கல்லில் குதிரையும் யானையும் இழுப்பதுபோல் அமைந்த அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. தஞ்சை மராட்டியரின் சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்குச் சோறும், நோயாளிகளுக்கு மருந்தும், பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைத்தன. 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குச் சரபோஜி எழுதிய கடிதத்தில் அந்த ஏற்பாடு முழுதும் இருக்கிறது. எனக்கு அதில் மறக்காத இடம் ஒன்று: பகலெல்லாம் சோறு போட்ட பிறகு நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களை அழைத்து உணவு கொடுப்பார்களாம்.

ஆனால் சத்திரத்துச் சோறு படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரேபோல் கிடைத்துவிடவில்லை. 1920-களில் தஞ்சை மாவட்ட போர்டுத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம்தான் ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் இருந்த இலவச விடுதிகளைப் பிராமணரல்லாத ஏழைப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்த விவகாரம் தமிழ்நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. சோறு போடுவது வேறு, ஒரே பந்தியில் போடுவது வேறு என்பதை அந்தத் தலைமுறை சண்டை போட்டுத்தான் தெரிந்துகொண்டது. பன்னீர்செல்வம் 1940-இல் லண்டனுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் மறைந்தார். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருந்தது. “அந்த மனுஷன் திறந்த கதவு வழியாத்தான் நம்ம வீட்டுக்குள்ள எழுத்து வந்துச்சு” என்று பெரியப்பா யார் வந்தாலும் படத்தைக் காட்டுவார்.

நாங்கள் கல்லூரியில் இருந்த நாட்களில்தான், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியிருந்தது. அதற்கும் முன்னோடியாக 1920-இல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாநகராட்சி சோறு போட்டிருக்கிறது. நண்பனின் தங்கை பள்ளியில் சத்துணவு சாப்பிட்டுப் படித்தாள். அவன் ஒரு நாள் சொன்னது நினைவிருக்கிறது: “அவ தட்டு எடுத்துக்கிட்டுப் போறத பாக்கறப்ப சந்தோஷமாத்தான்டா இருக்கு. எனக்கும் வயிறு அதே வயிறுதானே?” பிற்பாடு அந்தத் திட்டம் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. அங்கேயே நின்றும் விட்டது.

நான் படித்து முடித்து, வேறு ஊரில் கல்லூரி ஆசிரியராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த ஆண்டுகளில் வகுப்பறையின் முகம் மாறியது. முன் பெஞ்சுகள் பெண் பிள்ளைகளால் நிறைந்தன. கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, தம்பிக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டுத் தங்களுக்கு நேரமில்லாமல் கிளம்புகிறவர்கள். ஆய்வகத்தில் பிற்பகலில் இல்லாமல் முற்பகலிலேயே மயங்கி விழுவார்கள். எங்கள் ஆய்வக உதவியாளர் அம்மா மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் பிஸ்கட் வைத்திருப்பார். “சார், இது மயக்கம் இல்ல, பட்டினி” என்று என்னிடம் சொன்னவர் அவர்தான். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எங்களுக்கு அது அந்த இழுப்பறையைத் திறந்தாலே தெரிந்தது.

துறையில் பேசினோம். ஏழை மாணவிகள் பட்டியல் எடுத்து இலவச உணவு கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். பட்டியல் ஒட்டினால் யாரும் வர மாட்டார்கள். வருகிறவர்கள் தலை குனிந்து வருவார்கள். என் மனத்தில் நீட்டிய கும்பாவோடு மாஸ்டர் நின்றிருந்தார். கடைசியில் கேன்டீன் நடத்திய அக்காவிடம் போனோம். காலையில் ஒரே ஒரு பண்டம்: ஒரு நாள் பொங்கல், ஒரு நாள் கேழ்வரகுக் கூழ், ஒரு நாள் எலுமிச்சைச் சோறும் சுண்டலும். பண்டம் ஒன்றாக இருந்தால் வீணாவது குறையும், விறகும் கேஸும் மிச்சம், விலையை இறக்கலாம். ஆசிரியர்கள் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டோம். டோக்கன் எல்லோருக்கும் ஒரே நிறம். காசு கொடுத்து வாங்கினாலும், வகுப்பு ஆசிரியர் கையில் வைத்துக் கொடுத்தாலும் கவுன்ட்டரில் ஒன்றுதான். காசுள்ள பிள்ளைகளும் வரும்படி ருசியாக இருக்க வேண்டும் என்பது நான் அக்காவிடம் வைத்த ஒரே நிபந்தனை. “அதச் சொல்லணுமா சார்? என் புள்ள சாப்பிடாதத நான் போட மாட்டேன்” என்றார். கூழ் நாளில்தான் கூட்டம் அதிகமாக வந்தது, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் தொட்டுக்கொள்ள இருந்ததால்.

மிச்சமான சோற்றுக்கு என்ன செய்வது என்று அக்கா கேட்டபோது தாழியைச் சொன்னேன். முதலில் பிள்ளைகள் தயங்கினார்கள்; பழைய சோறு என்றால் ஏழைமை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோய்க்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அதை வெட்டிக் கேன்டீன் சுவரில் ஒட்டினேன். ஹோட்டல்களில் மண் சட்டியில் வைத்து விலைக்கு விற்கத் தொடங்கியதும் தயக்கம் முழுதும் போயிற்று. எப்படிப் போனாலும் சரி, வயிற்றுக்குள் போனால் போதும் என்று எனக்கு இருந்தது.

இன்று அரசு நிறையச் செய்கிறது. அதை மனதாரச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இப்போது சூடான உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 முதல் பையன்களுக்கும். அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-இல் 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. மெஸ் நோட்டு எழுதிய கையால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். அரிசி தனியாக ரேஷன் விலையில் வந்தால்கூடப் பருப்பிலும் எண்ணெயிலும் கை கட்டிப்போகும். விடுதிக்கு வெளியே, ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து போகிற லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு, மதிய உணவு பத்தாம் வகுப்போடு. பதினைந்து, பதினாறு வயதில், உடம்பு வளர்ந்து முடிக்காத காலத்தில், பந்தி முடிந்துவிட்டது என்று சொல்லி எழுப்பிவிடுகிறோம். ஒவ்வோர் அரசுக் கல்லூரிக்குள்ளும் ஒரு சமையற்கூடம் வேண்டும். அரசு அரிசி தரட்டும், உழவர் சந்தைக் காய் வரட்டும், மாணவர்களே கணக்கு எழுதட்டும், எல்லோருக்கும் ஒரே டோக்கன் இருக்கட்டும். பள்ளிகளில் செய்து காட்டிய மாநிலத்துக்கு இது எட்டாத காரியம் இல்லை.

நண்பனோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். அம்மா உணவகத்துப் பையனைப் பற்றிச் சொன்னபோது, “அட்டையைக் கழட்டினானா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வேறு விஷயத்துக்குப் போனான். அவன் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில், நாங்கள் எங்கள் கல்லூரியில் செய்ததுபோலக் காலைச் சாப்பாடு தொடங்கப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். தேர்வு நாட்களில் கேன்டீன் மூடிவிடுகிறது, அப்போதுதான் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் எழுதுகிறார்கள் என்பது அவன் கவலை. முதலில் அந்த நாட்களுக்கு ஏற்பாடு செய்யலாம், ஜூனில் கல்லூரி திறந்ததும் முழுமையாகத் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. இருநூறு பேருக்குப் பொங்கல் என்றால் எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ பாசிப்பருப்பு என்று கேட்டான். எங்கள் கேன்டீன் அக்காவின் கைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். மிளகு குறைக்காமல் போடச் சொல்லியிருக்கிறேன்.